கட்டடம் எழுந்தது, அறிக்கை எங்கே?

கடலூர் மாவட்டத்தின் 2 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் 9 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே,

முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எல். இளையபெருமாளின் பெயரில் சிதம்பரத்தில் நூற்றாண்டு நினைவு அரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. எங்கள் தெருவில் அதைக் கேட்டு மகிழாத வீடு இல்லை. காட்டுமன்னார்கோயிலில் பிறந்த ஒருவருக்கு அரசு செலவில் மண்டபம் எழும் என்று என் அப்பா காலத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்து தீண்டாமை பற்றி இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையும், அதன் பிறகு வந்த சட்டங்களும், அந்தச் சட்டங்கள் உங்கள் தலையில் வைத்திருக்கும் பொறுப்பும் இந்த மாவட்டத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. காலனியில் பிறந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

கடந்த ஜூன் 26, அவருடைய பிறந்த நாள். இந்த மாவட்டத்தில் ஒரு கல்வி நிறுவனம் நடத்திய பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'பட்டியலினச் சமுதாயத் தலைவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். பேசிய பிள்ளைகள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், தீண்டாமையை எதிர்த்தார், டெல்லிக்குப் போனார், மறைந்தார். ஒரு மாணவி மட்டும் 'இளையபெருமாள் குழு' என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். இறங்கி வந்ததும், அந்தக் குழு என்ன சொன்னதும்மா என்று கேட்டேன். "தெரியல டீச்சர், எங்க தேடியும் தமிழ்ல எதுவும் கெடைக்கல" என்றாள். அந்தப் பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் நூலகங்களில் கேட்டுப் பார்த்தேன். நான் போன எந்த இடத்திலும் அந்த அறிக்கை ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. "அது கவர்மெண்ட் ரிப்போர்ட்டாச்சேம்மா, டெல்லியிலதான் இருக்கும்" என்றார் ஒரு நூலகர். டெல்லியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் எடுத்து அனுப்பிய சில அத்தியாயங்களின் நகல்தான் என் கையில் இருக்கிறது.

முதலில் அந்த அழைப்பிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருவரைச் சமுதாயத் தலைவர் என்று போட்டுவிட்டால் அவர் செய்தது அந்தச் சமுதாயத்துக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. மற்றவர்கள் படிக்கத் தேவையில்லை, பதில் சொல்லவும் தேவையில்லை. இளையபெருமாள் 1952இல், நாட்டின் முதல் பொதுத் தேர்தலில், கடலூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். அப்போது அவருக்கு வயது 27. கடலூர் அன்று இரட்டை உறுப்பினர் தொகுதி. உழைப்பாளர் கட்சியிலிருந்து ஒருவரும் காங்கிரசிலிருந்து இவரும் வென்றார்கள். இவருடையது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி இடம் என்றாலும் வாக்களித்தவர்கள் தொகுதி முழுவதும் இருந்த எல்லாச் சாதி மக்களும்தான். 1957இல் சிதம்பரத்திலிருந்து மறுபடி போனார். மூன்றாவது மக்களவையிலும் இருந்தார். அவர் தலைமை ஏற்ற குழு ஒரு மாவட்டத்துக்கோ ஒரு மாநிலத்துக்கோ போட்ட குழு அல்ல, இந்தியா முழுமைக்கும் போட்டது. பிறகு தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்தார், 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்கும் வந்தார், காங்கிரசை விட்டு வெளியே வந்து மனித உரிமையின் பெயரில் தனிக்கட்சியும் நடத்தினார். இவ்வளவு பெரிய பொதுவாழ்வை ஒரு தெருவுக்குள் அடக்கிவிட்டு மாலை மட்டும் பெரிதாகப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் பள்ளியில் படித்தபோது எங்கள் பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள் என்றும், அதை அவர் உடைத்துக்கொண்டே இருந்தார் என்றும், கடைசியில் பள்ளியே தனிப் பானை வைப்பதை விட்டது என்றும் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போக மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மக்கள் மறுத்துச் சொல்வதற்குப் பின்னால் அவர் நின்றதையும் சொல்வார்கள். அப்படி மறுத்த தெருக்களுக்கு அடி விழுந்தது, வேலை நின்றது. வயலில் இறங்கக் கூடாது, கடையில் சாமான் கிடையாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். சிறு பிள்ளையாக அதில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அம்மா கீரையும் நத்தையும் வைத்து நாட்களை ஓட்டினாள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும், "நாம டீக்கடையில உக்காந்து டீ குடிக்கிறதுக்காவ ஒருத்தர் டெல்லி வரைக்கும் போயி சட்டம் கொண்டாந்தாரு" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விவரம்கூட இன்றைய அழைப்பிதழ்களில் இல்லை.

அப்பா சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது எனக்குப் பின்னாளில் படிக்கும்போதுதான் தெரிந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியபோது இளையபெருமாள் மக்களவை உறுப்பினர். அண்ணல் அம்பேத்கர் அதே காலத்தில் மாநிலங்களவையில் இருந்தார். அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொன்னது, 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்தது. 10 ஆண்டு போயிற்று. ஒழிந்ததா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்ல மத்திய அரசு 1965இல் ஒரு குழு போட்டு, அதற்கு இவரைத் தலைவராக்கியது. சட்டம் போட்ட அவையில் உட்கார்ந்திருந்தவரே அந்தச் சட்டம் தெருவில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனார். ஒரு மக்கள் பிரதிநிதியின் வாழ்க்கையில் இதைவிட நேர்மையான வேலை எது என்று எனக்குத் தோன்றவில்லை.

குழு மாநிலம் மாநிலமாகப் போனது. தேநீர்க் கடையில் தனிக் குவளை, பொதுக் கிணற்றில் தடை, கோயில் வாசலில் தடை, முடிதிருத்தும் கடையில் தடை என்று கண்டதையும் கேட்டதையும் எழுதியது. தீண்டாமை மட்டும் அல்ல, நிலம், கூலி, படிப்பு, அரசு வேலை என்று பட்டியல் சாதி மக்களின் பொருளாதார நிலையும் கல்வி நிலையும் அதன் ஆய்வுக்குள் வந்தன. 1969இல் அறிக்கை வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்திருந்தார்கள். எங்களுக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டி, அதே நெல் விளையும் மண்ணில். சட்டம் இருக்கிறது, ஆனால் நடப்பில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த அறிக்கை தூசி படிந்து போகவில்லை என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும், உரிய பயிற்சி பெற்ற எவரும் சாதி பார்க்காமல் அர்ச்சகராக வழி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 1970இல் அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தத் திருத்தத்தின் நோக்கத்தைச் சொல்லும் குறிப்பிலேயே இந்தக் குழுவின் பரிந்துரையை எடுத்து எழுதியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் போட்ட சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை நியமனத்தை ஒழித்தது செல்லும் என்றது. நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னதால் விவகாரம் பல பத்தாண்டுகள் இழுத்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமன ஆணை வாங்கினார்கள். நந்தன் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆதனூர் எங்கள் பக்கம்தான். அந்த நந்தன் உள்ளே போக முடியாமல் நின்ற தில்லைக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுதியது, கருவறையில் யார் நிற்கலாம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதை எந்தப் பாடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்?

அடுத்தது இன்னும் நேரடியானது. அறிக்கைக்குப் பிறகு, 1972இல், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1976இல் அது நிறைவேறி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எங்கள் பக்கத்தில் சாதித் தகராறு எது வந்தாலும் 'பிசிஆர் கேஸ்' என்று பேசுகிறார்களே, அந்தப் பிசிஆர் இதுதான். வழக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானால்கூட மக்கள் வாயில் பிசிஆர்தான். அதைத் திட்டுகிறவர்களுக்கும் தெரியாது, நம்புகிறவர்களுக்கும் தெரியாது, அது எங்கள் காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவரின் உழைப்பிலிருந்து வந்தது என்று.

1976ஆம் ஆண்டுத் திருத்தம் என்ன செய்தது என்று உங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்களும் படிக்கிறார்கள். முன்பு அபராதத்தோடு தப்பித்துவிடலாம். திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 1 மாதம் சிறை கட்டாயம். முன்பு நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். பிறகு சமரசத்துக்கே இடமில்லை. செத்த விலங்கை அப்புறப்படுத்து, தோலை உரி என்று தீண்டாமையின் பெயரால் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதே குற்றம் என்று 7அ பிரிவு வந்தது. புகாரை விசாரிக்காமல் வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தை என்றது. தீண்டாமை எந்தெந்தப் பகுதியில் இருக்கிறது என்று அடையாளம் காண வேண்டும், சட்டம் எப்படி நடக்கிறது என்று அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும் என்று 15அ பிரிவில் எழுதியது. மத்திய அரசு ஆண்டுதோறும் இது பற்றி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். இளையபெருமாள் ஒருமுறை செய்ததை ஒவ்வோர் ஆண்டும் செய்யுங்கள் என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன்.

அப்பா கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தனிக் குவளை வந்தது, குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். இப்போது அது இல்லை. ஒரு கடையில் எங்கள் தெருப் பிள்ளைகள் போனால் காகிதக் கப்பில் கொடுக்கிறார்கள், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால், "சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா" என்று பதில் வருகிறது. வழக்குப் போட முடியாதபடி தீண்டாமை தன் பாத்திரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. போய்ப் பார்க்கிற கண் இல்லாவிட்டால் இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடமாட்டார்கள். வாய்க்காலில் இறங்கி, வயல் வரப்பில் ஏறித்தான் போக வேண்டும். கோடையில் எப்படியோ சமாளித்துவிடலாம். கார்த்திகை மழையில் என் பக்கத்து வீட்டு அக்காவின் மாமியார் இறந்தபோது வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பையன்கள் நடந்தார்கள். ஒருவன் கால் வழுக்கியதும் கரையில் நின்ற பெண்கள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளே மனு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். "ஊருக்குள்ள பிரச்சனை வேணாம்மா, மழை விடட்டும் பாக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். மழை விட்டது, மறுபடி மழைக்காலமும் வந்து போயிற்று. பொதுச் சொத்தையோ சுடுகாட்டையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. சட்டத்தில் பாதை இருக்கிறது, ஊரில் இல்லை.

இன்னொன்று. பைக்கில் வேகமாகப் போனான் என்று எங்கள் தெருப் பையனை நிறுத்தி, சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். வேகம் என்று குற்றம் சொன்னார்கள், அவன் ஓட்டியதோ பழைய டிவிஎஸ் வண்டி. புகார் கொடுக்கப் போன இடத்தில் பொழுது சாயும்வரை உட்கார வைத்தார்கள். கடைசியில், "ரெண்டு தரப்பும் ஒரே ஊர்ல வாழணும், சமாதானமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், ஏனென்றால் அடுத்த வாரம் அதே ஊர்க்காரர் வயலில்தான் அறுப்பு வேலை. சமரசத்துக்கு இடமில்லை என்று நாடாளுமன்றம் 1976இல் ஏன் எழுதியது என்பது அன்றைக்கு அந்த வாசலில் எனக்கு விளங்கியது. வயிற்றுப்பாட்டுக்கு எதிராளியை நம்பி இருப்பவனிடம் சமரசம் பேசினால் அவன் வேறு என்ன சொல்வான்?

இவை என் ஊர்க் கதைகள் மட்டும் அல்ல. 2020 அக்டோபரில் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தான் மட்டும் தரையில் அமர்ந்திருந்த படம் நாடு முழுவதும் போயிற்று. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கிய பதவியில் மக்கள் வாக்கில் வென்றவர் அவர். வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. ஆனால் அந்தப் படம் வெளியே வராமல் இருந்திருந்தால்? பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் உள்ளே போகக் கூடாது என்ற தகராறில் 2023 ஜூனில் ஒரு கோயிலையே பூட்டி முத்திரை வைக்க வேண்டி வந்தது. இளையபெருமாள் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கோயில், குவளை, சுடுகாடு, நாற்காலி என்று நாம் அதே பட்டியலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் உங்களுக்கு என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கலெக்டர் அதன் தலைவர். மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் அதன் உறுப்பினர்கள். குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, வழக்குகள் நடக்கின்றனவா, அதிகாரிகள் தம் வேலையைச் செய்கிறார்களா என்று பார்ப்பதே அதன் வேலை. கட்சி வேறுபாடு இல்லாமல், சாதி வேறுபாடு இல்லாமல், 11 பேருக்கும் சட்டமே போட்டுக் கொடுத்த நாற்காலி அது.

நீங்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறீர்களா, போனால் என்ன கேட்கிறீர்கள், என்ன முடிவு எடுக்கிறீர்கள் என்பதை எங்களைப் போன்றவர்கள் அறிய வழி இல்லை. நான் விசாரித்துப் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் இது எங்கள் செக்‌ஷன் இல்லை என்றார்கள். அவர்கள் காட்டிய இன்னோர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு வெளியில் தருவதில்லை என்றார்கள். யாருக்காகக் கூட்டம் நடக்கிறதோ அவர்களுக்கே அதில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. உங்கள் மேல் எனக்குள்ள முதல் வருத்தம் இதுதான்.

இரண்டாவது வருத்தமும் உண்டு. எங்கள் பிரச்சனை எது வந்தாலும் அது தனித்தொகுதி உறுப்பினர்களின் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். காட்டுமன்னார்கோயிலும் திட்டக்குடியும் சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி, சிதம்பரம் நாடாளுமன்றத்துக்குத் தனித்தொகுதி. மீதி 7 சட்டமன்றத் தொகுதிகளிலும் காலனி இல்லாத ஊராட்சி எத்தனை இருக்கும்? பண்ருட்டிப் பலாத்தோப்பிலும் குறிஞ்சிப்பாடி முந்திரிக்காட்டிலும் நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள்தானே நாங்களும்? ஊர்க்காரர்கள் மனம் நோகும், அடுத்த தேர்தலில் கை நழுவும் என்ற கணக்கு எனக்கும் புரியும். அந்தக் கணக்கு 1952இலும் இருந்தது, 1957இலும் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டுதான் இளையபெருமாள் பேசினார், எழுதினார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

அந்த 1969ஆம் ஆண்டு அறிக்கையின் முழுப் பிரதியை நாடாளுமன்ற நூலகத்திலிருந்து இரு நாடாளுமன்ற உறுப்பினர்களும் பெற்று வாருங்கள். சிதம்பரம் நினைவு அரங்கத்தில் எவரும் எடுத்துப் படிக்கும்படி ஒன்று இருக்கட்டும். கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும் ஒவ்வொரு வட்டத்தின் நூலகத்திலும் ஒவ்வொன்று இருக்கட்டும். அதைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் கேளுங்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் எத்தனையோ நூல்களை மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது. இதற்கும் இடம் இருக்கும். மூன்று மக்களவைகளில் அவர் பேசிய பேச்சுகள் நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன. அவற்றையும் தொகுத்துத் தமிழில் கொண்டுவரச் சொல்லுங்கள். மேடைக்குப் போகும் மாணவி இனி தேடி அலையக் கூடாது.

கண்காணிப்புக் குழுவின் கூட்டத் தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும், பாதிக்கப்பட்டவர்களின் பெயரை மறைத்து, கூட்டக் குறிப்பைத் தமிழில் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். எந்த உறுப்பினர் வந்தார், எவர் வரவில்லை என்பதும் அதில் இருக்கட்டும். சமாதானம் பேசி அனுப்பப்பட்ட புகார்கள் எத்தனை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் காவல்துறையைக் கேளுங்கள்.

15அ பிரிவு சொல்லும் கள ஆய்வை இந்த மாவட்டத்தில் நடத்தக் கலெக்டரிடம் எழுத்தில் கோருங்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில், தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை, ஊராட்சித் தலைவரின் நாற்காலி, இவ்வளவையும் அதில் சேருங்கள். தாளில் கேள்வி அனுப்பித் தாளில் பதில் வாங்கும் ஆய்வு வேண்டாம். உங்கள் தொகுதியில் சில ஊர்களுக்காவது முன்னறிவிப்பு இல்லாமல் நீங்களே நடந்து வாருங்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

சுடுகாட்டுப் பாதை இல்லாத காலனிகளின் பட்டியலை எடுத்து, அதற்கு உங்கள் தொகுதி நிதியை ஒதுக்குங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு என்று விதியே இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் வேலை முடிய வேண்டும். நிலம் விட மறுப்பவர்களோடு பேசுவதும் உங்கள் வேலைதான், ஓர் எழுத்தர் அதைச் செய்ய முடியாது.

15அ பிரிவின்படி ஆண்டுதோறும் வைக்க வேண்டிய அறிக்கை கடைசியாக எந்த ஆண்டுக்கு வைக்கப்பட்டது, அதில் கடலூர் மாவட்டத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும் அவையில் கேள்வி எழுப்புங்கள். வந்த பதிலை இங்கே கொண்டுவந்து தமிழில் வெளியிடுங்கள்.

அடுத்த ஜூன் 26க்கு அச்சாகும் அழைப்பிதழில் அவரை, கடலூரின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர், 1969 அறிக்கையை எழுதிய குழுவின் தலைவர் என்று போடச் சொல்லுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
காட்டுமன்னார்கோயில் வட்டம், கடலூர் மாவட்டம்.